ரெண்டு போல்ட் போதும் சார்!

பெட்ரோல் பங்க்கில் செல்போனை எடுத்துப் பாருங்கள். ஊழியர் ஓடி வருவார், "சார், போன் பேசாதீங்க!" நியாயம்தான், பேசாதீர்கள். அவரிடமே, பெட்ரோல் போடும் மெஷினுக்குள் இருக்கிற மின்சாரப் பெட்டியில் எல்லா போல்ட்டும் முடுக்கியிருக்கா என்று கேளுங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். அதனால்தான் பெட்ரோல், கேஸ் புழங்குகிற இடங்களை வகை பிரித்து வரைபடம் போடச் சொல்கிறார்கள். ஆவி எப்போதும் இருக்கும் டேங்கின் உட்புறம் ஜோன் 0. வழக்கமான வேலையிலேயே ஆவி வரலாம் என்றால் ஜோன் 1. எப்போதாவது, அதுவும் கொஞ்ச நேரம் மட்டும் என்றால் ஜோன் 2. எந்த ஜோனில் எந்த மோட்டார், எந்த விளக்கு என்பதற்கு விதி இருக்கிறது.

'ஃப்ளேம்ப்ரூஃப்' பெட்டி என்றால் ஆவியே உள்ளே புகாது என்று நினைக்காதீர்கள். புகும். உள்ளே வெடிக்கவும் செய்யலாம். பெட்டி அதைத் தாங்கும். மூடியின் மெல்லிய இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் நெருப்பு குளிர்ந்துவிடும். சூட்சுமமே அந்த இடுக்கில்தான். எட்டு போல்ட்டில் ரெண்டைக் காணோமா? இடுக்கு அகலமாகிவிட்டது. 'மழைத்தண்ணி போகுது' என்று ஒரு நல்ல மனுஷர் நடுவில் ரப்பர் ஷீட் வைத்தாரா? முடிந்தது கதை. அத்தனை பணம் கொடுத்து வாங்கியது இனி வெறும் இரும்புப் பெட்டி.

நான் பி.காம். செலவுப் பக்கம்தான் முதலில் கண் போகும். ஃப்ளேம்ப்ரூஃப் சாமான் சாதாரணத்தைவிடப் பல மடங்கு விலை. வரைபடத்தில் கோடு கொஞ்சம் உள்ளே நகர்ந்தால் பில் குறையும். கோடு போடுபவருக்கு ஃபீஸ் கொடுப்பவரும் சாமானுக்குப் பில் கட்டுபவரும் ஒரே முதலாளி. கோடு எந்தப் பக்கம் நகரும், நீங்களே சொல்லுங்கள்.

2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர், இந்தியன் ஆயில் டெர்மினல். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 11 பேர் பலி. தீ அடங்கப் பதினோரு நாள் ஆனது. தீப்பொறி எங்கிருந்து? எம்.பி.லால் குழு இரண்டு சாத்தியங்களைச் சொன்னது: நிர்வாகக் கட்டடத்தில் இருந்த, ஃப்ளேம்ப்ரூஃப் அல்லாத மின்சாதனம்; அல்லது ஸ்டார்ட் செய்த ஒரு வண்டி.

'அவ்வளவு பெரிய கசிவுக்கெல்லாம் ஜோன் கணக்குப் போடுவதில்லை சார்' என்பார்கள் நிபுணர்கள். உண்மைதான். அப்படியானால் கோட்டுக்கு வெளியே 'பாதுகாப்பான பகுதி' என்று எதை நம்பி எழுதுகிறீர்கள்? கசிவை உடனே கண்டுபிடிக்கும் கருவியும், தூரத்திலிருந்தே மூடும் வால்வும் ஒழுங்காக வேலை செய்தால்தானே அந்தக் கோட்டுக்கு அர்த்தம்?

பிளான்ட்டில் வேலை பார்ப்பவரா நீங்கள்? ஆபீஸ் சுவரில் அந்த வரைபடம் தொங்கினால் மூலையில் தேதியைப் பாருங்கள். அதற்குப் பிறகு எத்தனை பம்ப் கூடியது, எத்தனை பைப் மாறியது என்று எண்ணுங்கள். எண்ணிவிட்டு, மேனேஜரிடம் போய்க் கேளுங்கள்.