மொட்டை மாடி ஷெட்: சதுர அடி ரேட் மட்டும் கேட்டால் போதுமா?

புதுக்கோட்டைப் பக்கம் மொட்டை மாடியில் ஷீட் கூரை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘சதுர அடி என்ன ரேட்?’ அது மட்டும் போதாது.

20-க்கு 15 அடி இடம் என்றால் 300 சதுர அடி. சாரல் அடிக்காமல் இருக்க நாலு பக்கமும் 2 அடி நீட்டினால், கூரை 456 சதுர அடி! எந்தக் கணக்குக்கு ரேட் என்பதை முதலிலேயே பேசிடணும்.

அடுத்தது காற்று. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பலத்த காற்று ஷீட்டை மேலே தூக்கும். நீட்டிய ஓரங்களில் அந்த இழுப்பு இன்னும் அதிகம்.

அதனால் பைப் கனம், பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட், ஸ்க்ரூ எண்ணிக்கை எல்லாவற்றையும் எஸ்டிமேட்டில் தனித்தனியாக எழுதி வாங்குவதே சரி. பேரம் பேசும்போது சத்தமில்லாமல் குறையக்கூடியவை இவைதான். ஷீட் கலரைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியும். போல்ட்டைக் குறைத்தால் புயலில்தான் தெரியும்.