சீட்டியடிக்காதவர்கள்

பழைய போர்ப் படம் என்றாலே நம் சினிமா ரசிகர்களிடம் ஒரு தனி மரியாதை. "கிராபிக்ஸ் கிடையாது, நிஜமாகவே பாலம் கட்டி, நிஜ ரயிலை ஓட்டி, நிஜமாகவே வெடி வைத்தான்யா!" என்று 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தைப் பற்றிச் சிலாகிக்காதவர் குறைவு. பேச்சு அதோடு நின்றால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இலங்கையின் கித்துல்கலவில் களனி ஆற்றின் குறுக்கே இயக்குநர் டேவிட் லீன் எழுப்பிய பாலம் நிஜம்தான். 1957இல் வெளிவந்த அந்தப் படம் வாங்கிய ஏழு ஆஸ்கர் விருதுகளும் நிஜம்தான். வினை அடுத்த வாக்கியத்தில் வருகிறது: "சயாம் மரண ரயில் பாதையை எப்படிப் போட்டார்கள் என்று தெரிய வேண்டுமா, இந்தப் படத்தைப் பார்."

பார்த்தால் என்ன தெரியும்? ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது என்று தெரியும். பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், தன் படையின் பெருமையைக் காட்டுவதற்காக எதிரிக்கே உருப்படியான பாலம் கட்டிக்கொடுத்தார் என்று தெரியும். கமாண்டோக்கள் வந்து அதைத் தகர்த்தார்கள் என்று தெரியும். மூன்றும் தவறு. இரண்டாம் உலகப் போரில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கப் போட்ட அந்தப் பாதையைத் திட்டமிட்டவர்கள் ஜப்பானிய ராணுவத்தின் ரயில்வே பொறியாளர்கள், தொழில் தெரிந்தவர்கள். காடும் மலையுமாகக் கிடந்த 415 கிலோமீட்டரை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். நிஜப் பாலத்துக்கான கைதி முகாம் இருந்த தாமர்கானில் எழுந்தது ஒரு பாலமல்ல, இரண்டு: ஒன்று மரப்பாலம், மற்றது ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் ஆனது. அவற்றைச் சிதைத்தவை நேச நாட்டு விமானங்களின் குண்டுகள். அந்த முகாமில் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்த பிலிப் டூசி நிக்கல்சனுக்கு நேர் எதிரான மனிதர். அவருடைய ஆட்கள் கரையானைப் பிடித்துக் கொண்டுவந்து பாலத்து மரங்களில் விட்டவர்கள். படத்தைப் பார்த்து அவர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

இதெல்லாம் சினிமாக்காரர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சலுகை. விட்டுவிடலாம். என் சண்டை வேறு.

அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்குக் குறையாது என்பது பரவலான கணிப்பு. அவர்களில் 90,000 பேராவது மாண்டிருப்பார்கள் என்கிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் படத்தில், பாலம் எழும் முகாமில், இந்தக் கூலியாட்களில் ஒருவர் தலைகூடத் தெரியாது. ஆசியர் என்று பெரும்பாலும் வருபவர்கள் காவல் நிற்கும் ஜப்பானியர்களும், கமாண்டோக்களுக்கு மூட்டை சுமக்கும் சயாம் பெண்களும்தான். தாமர்கானில் கைதிகள்தானே பாலம் கட்டினார்கள் என்று கேட்கலாம். சரிதான். ஆனால் பார்ப்பவர் யாரும் இதைத் தாமர்கான் கதை என்று எடுத்துக்கொள்வதில்லை, மரண ரயிலின் கதை என்றே எடுத்துக்கொள்கிறார்.

மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். போர் வந்து ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. வேலை இல்லை, அரிசி இல்லை. கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். போனவன் திரும்பவில்லை என்ற சேதி பரவி ஆள் கிடைக்காதபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் புகுந்து இழுத்து லாரியில் ஏற்றினார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்து, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலேற்றியதாகவும் சொல்வார்கள். சினிமா பார்க்கப் போய் சயாமுக்குப் போனவனுக்கு அந்தச் சினிமாவில் ஒரு காட்சி இல்லை.

போர்க்கைதிக்கு அவனுடைய பட்டாளம் கூடவே இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கழிப்பிடக் குழியைத் தள்ளித் தோண்டு என்று உத்தரவு போட அதிகாரி இருந்தார். இருந்ததை வைத்து அறுவை செய்த எட்வர்ட் டன்லப் போன்ற ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தோட்டத்து ஆளுக்கு அப்படி யாரும் இல்லை. சிலர் பெண்டு பிள்ளைகளோடு போயிருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது அவர்கள் முகாம்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. கிழிந்த பூட்ஸோடு 'கர்னல் போகி' மெட்டைச் சீட்டியடித்தபடி கைதிகள் நடந்துவரும் புகழ்பெற்ற காட்சியில் எனக்கு உறுத்துவது இதுதான். கஷ்டத்திலும் கம்பீரம் என்று கைதட்டுகிறோம். அணிவகுக்கக்கூட ஓர் அணி இல்லாதவர்களைக் காட்டினால் அந்தக் கம்பீரம் தாங்காது.

"கலைப்படைப்பு அய்யா இது, போர் ஒரு பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வந்த படம், வரலாற்றுப் பாடமல்ல" என்பார்கள். கெட்டிக்கார வாதம். ஆனால் நிஜப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே குளோங். படத்தின் மூல நாவலை எழுதிய பியர் பூல் அந்த இடத்தைப் பார்த்து எழுதியவரல்ல; பெயரைத் தவறாகப் போட்டுவிட்டார். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் "குவாய் ஆற்றுப் பாலம் எங்கே?" என்று தேட, 1960வாக்கில் தாய்லாந்து அந்தப் பகுதி ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டது. ஓர் ஆற்றின் பெயரையே மாற்ற வைத்த படத்தை 'வெறும் கதைதானே' என்று எப்படி விடுவது?

இடையில் ஒன்று. திரைக்கதைக்கான ஆஸ்கர் பூலுக்குத்தான் போனது, அவரோ பிரெஞ்சில் எழுதுபவர். உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் பயத்தில் ஹாலிவுட் தள்ளிவைத்திருந்தவர்கள். அவர்களுக்குரிய விருது குடும்பத்தார் கைக்கு வர கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வேலை செய்தவன் பெயரை மறைப்பது இந்தப் படத்துக்குப் புதிதல்ல.

நிக்கல்சனாக வரும் அலெக் கின்னஸின் நடிப்புக்காகப் பாருங்கள், நானும் பார்ப்பேன். மரண ரயிலைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தமிழிலேயே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. இரண்டும் மலேசியத் தமிழர் எழுதிய நாவல்கள். லீன் கேமராவை எங்கே வைத்தார் என்று மணிக்கணக்கில் பேசும் நம் ரசிகர்களில் எத்தனை பேர் இவற்றின் பெயரையாவது கேட்டிருக்கிறார்கள்? தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே ஊரில் ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்கு ஒரு நடுகல் வைக்க 2023 வரை ஆயிற்று.