60 ஹோம் ரன் அடிச்சும் எம்விபி இல்லை... கேல் ராலேவின் கணக்கு எங்கே இடித்தது?

ஒரே சீசனில் 60 ஹோம் ரன். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் இதுவரை ஏழு பேர்தான் இந்த எண்ணைத் தொட்டிருக்கிறார்கள். பேப் ரூத்தில் தொடங்கும் அந்தப் பட்டியலில் ஏழாவதாகச் சேர்ந்தவர் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் கேல் ராலே. தேதி 2025 செப்டம்பர் 24. அதே இரவில் மரைனர்ஸ், 2001-க்குப் பிறகு முதல்முறையாகத் தங்கள் பிரிவின் சாம்பியன் ஆனது.

ஆனால் நவம்பரில் அமெரிக்கன் லீக்கின் 'மிக மதிப்புமிக்க வீரர்' (எம்விபி) விருது போனது நியூயார்க் யாங்கீஸின் ஆரோன் ஜட்ஜுக்கு. ஓட்டுப் போட்ட 30 பத்திரிகையாளர்களில் 17 பேர் ஜட்ஜுக்கு முதலிடம் கொடுத்தார்கள், 13 பேர் ராலேவுக்கு. ஜட்ஜ் அடித்தது 53 ஹோம் ரன்.

'அதிகமா அடிச்சவருக்குக் கொடுக்காம, கம்மியா அடிச்சவருக்கா?' எனக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் இருவரின் ஸ்கோர்கார்டில் இருக்கிறது. ஸ்கோர்கார்டில் சரியாகப் பதிவாகாத ஒரு விஷயத்திலும் இருக்கிறது.

பேட்டிங் என்ன சொல்லுது?

முதலில் ராலே உடைத்த சாதனைகள். கேட்சர் ஒருவர் ஒரே சீசனில் அடித்த அதிகபட்ச ஹோம் ரன், 2021-ல் சால்வடோர் பெரெஸ் அடித்த 48. இரு கைகளாலும் பேட் பிடிக்கும் 'ஸ்விட்ச் ஹிட்டர்' சாதனை, 1961-ல் மிக்கி மேன்டில் அடித்த 54. இரண்டும் ஒரே வருஷத்தில் காலி.

இப்போது மொத்தக் கணக்கு:

● பேட்டிங் சராசரி: ஜட்ஜ் .331, ராலே .247
● அவுட் ஆகாமல் பேஸுக்குப் போன விகிதம்: ஜட்ஜ் .457, ராலே .359
● ஸ்லக்கிங் (அடியின் பலம்): ஜட்ஜ் .688, ராலே .589
● ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்): ஜட்ஜ் 114, ராலே 125

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். 100 முறை பேட் பிடித்தால் ஜட்ஜ் சுமார் 46 முறை தப்பித்து பேஸுக்குப் போகிறார். ராலே 36 முறை. பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் 27 அவுட்தான் கையிருப்பு. அவுட்டை வீணாக்காதவர்தான் பெரிய ஆள். ஹோம் ரன்னில் ராலே 7 அதிகம், சரி. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தால் பேட்டிங்கில் ஜட்ஜ் தெளிவாக முன்னே நிற்கிறார்.

அப்போ 13 பேர் ஏன் ராலேவுக்கு ஓட்டுப் போட்டாங்க?

காரணம், அவர் நிற்கும் இடம். இல்லை, உட்காரும் இடம். கேட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனால் வேலை பல மடங்கு. பிட்சர் எந்தப் பந்தை வீசலாம் என்று சிக்னல் கொடுப்பார், பேஸ் திருட ஓடுபவரை எறிந்து பிடிப்பார், தரையில் குத்தி எகிறும் பந்தை நெஞ்சால் தடுப்பார். எல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி. ராலே இதைச் சுமார் 120 ஆட்டங்களில் செய்தார். ஜட்ஜ் பெரும்பாலும் ரைட் ஃபீல்டில் நின்றார்.

சிக்கல் என்னவென்றால், பழைய ஃபீல்டிங் கணக்கு இந்த உழைப்பைக் காட்டாது. 'ஃபீல்டிங் சதவீதம்' என்பது வந்த வாய்ப்பில் எத்தனை சொதப்பாமல் முடித்தார் என்பது மட்டும்தான். பேட்டர் ஸ்ட்ரைக் அவுட் ஆனாலே கேட்சர் கணக்கில் ஒரு அவுட் ஏறிவிடும். அதனால் எல்லா கேட்சர்களின் சதவீதமும் 99-ஐ ஒட்டியே இருக்கும். நல்லவர் யார், சுமாரானவர் யார் என்று அதில் தெரியாது.

இரண்டு கால்குலேட்டர், இரண்டு விடை

இதற்குத்தான் 'வார்' என்ற அளவுகோல். பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், நிற்கும் இடத்தின் கஷ்டம் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு சாதாரண மாற்று வீரரைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகக் கிடைத்தது என்று சொல்லும்.

ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் கணக்கில் ஜட்ஜ் 10.1, ராலே 9.1. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஜட்ஜ் 9.7, ராலே 7.4. ஒரே ஆள், ஒரே சீசன். வித்தியாசம் எப்படி வந்தது?

முக்கியக் காரணங்களில் ஒன்று 'ஃப்ரேமிங்'. எல்லைக்கோட்டை ஒட்டி வரும் பந்தைக் கையுறையை நாசூக்காக உள்ளே இழுத்துப் பிடித்து, அம்பயரை 'ஸ்ட்ரைக்' சொல்ல வைக்கும் கலை. ஃபேன்கிராஃப்ஸ் அதைக் கணக்கில் சேர்க்கிறது, பேஸ்பால் ரெஃபரன்ஸ் சேர்ப்பதில்லை. கேட்சரின் வேலையை எவ்வளவு முழுமையாக எண்ணுகிறோமோ, போட்டி அவ்வளவு நெருக்கமாகிறது.

அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறந்த ஃபீல்டருக்கான 'கோல்டு க்ளவ்' விருதை ராலே 2024-ல் வாங்கினார். 2025-ல் அது டெட்ராய்ட்டின் டில்லன் டிங்லருக்குப் போனது. அதனால் 'ஃபீல்டிங்கில் ஏமாத்திட்டாங்க' என்று மொத்தமாகச் சொல்லவும் முடியாது. இரண்டு கால்குலேட்டரிலும் ஜட்ஜ்தான் முன்னால். எவ்வளவு முன்னால் என்பதில்தான் சண்டை.

இனி என்ன ஆகும்?

2026 சீசனில் இருந்து ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து மெஷினிடம் அப்பீல் செய்யலாம். நம்ம டிஆர்எஸ் மாதிரிதான். ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு, அப்பீல் ஜெயித்தால் வாய்ப்பு கழியாது. கேட்க முடிந்தவர்கள் பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டும்.

அதாவது, கையுறையால் திருடிய ஸ்ட்ரைக்கைப் பேட்டர் திரும்ப வாங்கிவிடலாம். ஃப்ரேமிங் மதிப்பு குறையலாம். ஆனால் எந்தப் பந்துக்கு அப்பீல் போவது என்பதைக் கேட்சரைவிட அருகில் இருந்து பார்ப்பவர் யாரும் இல்லை. ஒரு திறமையின் விலை இறங்கும்போது இன்னொன்றின் விலை ஏறும்.

அடுத்த முறை 'இத்தனை ஹோம் ரன்' என்று ஒரு கேட்சரின் பெயர் டிரெண்ட் ஆனால், கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் எத்தனை ஆட்டங்களில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்? அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்தால்தான் 60-ன் முழு எடை தெரியும்.