கேப்மாரியும் தொப்பிக் கதையும்

‘கேப்மாரி’ங்கற வசவுக்கு அர்த்தம் கேட்டா, பத்துல ஒம்பது பேர் ஒரே கதையைத்தான் சொல்லுதாங்க. போலீஸ் துரத்தும்போது திருடன் தலையில இருக்க கேப்பை மாத்திக்கிட்டு வேற ஆள் மாதிரி நடந்து போயிருவானாம். அதனால ‘கேப் மாறி’யாம். கேக்கதுக்கு ஜோராத்தான் இருக்கு. எனக்கு இதுல துளி நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லைங்கறதை விட, இந்தக் கதை மேல ஒரு கோவமே உண்டு.

மொதல்ல சாதாரண புத்திக்கு எட்டுறதைப் பாப்போம். வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஊரு ஆம்பளைங்க தலையில இருந்தது முண்டாசும் தலைப்பாகையும். ஊருல பத்து பேர் கூட கேப் போடாத காலத்துல, ஒருத்தன் கேப் போட்டுக்கிட்டுத் திருடப் போனா அவனை ஊரே திரும்பிப் பாக்கும். ஒளிஞ்சுக்க நினைக்கவன் செய்யற வேலையா அது? :-)

சரி, பின்ன எங்கேருந்து வந்துது? தமிழ்நாடு அரசோட சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்க மக்கா. அதுல தோகைமலைக் குறவர் அல்லது கேப்மாரி, திருச்சிராப்பள்ளி மாவட்டம்னு ஒரு வரி இருக்கு. (தோகைமலை இப்போ கரூர் மாவட்டத்துல.) அதாவது அது மனுஷங்களோட பேரு. ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் பிள்ளைங்க பள்ளிக்கூடமும் உள்ள மனுஷங்க. சாதிச் சான்றிதழுக்கு அடிப்படையான அரசாங்கக் காகிதத்துல இருக்க பேரைத்தான் நாம டீக்கடையில சிரிச்சுக்கிட்டே ஒருத்தனைப் பாத்து வீசுதோம்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1871-ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தான். 1911-ல அதைத் திருத்தினப்போ சென்னை மாகாணமும் அதுக்குள்ள வந்துது. ஒரு கூட்டத்தை அரசாங்கம் ‘குற்றக் கூட்டம்’னு அறிவிச்சுட்டா முடிஞ்சுது. ஒருத்தன் திருடினானா இல்லையாங்கற கேள்வியே கிடையாது, அந்தக் கூட்டத்துல பொறந்தாப் போதும். பேரைப் பதியணும், கைரேகை வைக்கணும், சொன்ன நேரத்துக்குப் போயி ஆஜராகணும். ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன ஜனங்க மேல 1920-ல பெருங்காமநல்லூர்ல துப்பாக்கிச் சூடே நடந்துது. நாடு சுதந்திரம் வாங்கி அஞ்சு வருஷம் ஆன பிறகு, 1952-லதான் இந்தியா முழுக்க அந்தச் சட்டம் போச்சு. சட்டம் போனாலும் வசவு போகலை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் சொல்லணும். முடிச்சவிழ்க்கிக்கு முடிச்சுமாறின்னும் ஒரு பேரு தமிழ்ல உண்டு. அதனால ‘மாறி’ங்கற வால் திருட்டுத் தொழிலுக்குப் பொருந்தி வர்ற வால்தான். அந்தப் பேரே அந்த ஜனங்க தங்களுக்கு வச்சுக்கிட்டதா, இல்லை போலீஸோ பக்கத்து ஊர்க்காரனோ ஒட்டினதான்னு வாதாடலாம். எப்படிப் பாத்தாலும் அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் நிக்கது ஒரு ஜனக்கூட்டம், தொப்பி இல்லை. தொப்பிக் கதை அந்த ஜனங்களைத்தான் அழகா மறைச்சிருது. அதுதான் என் கோவம்.

இது நம்ம ஊரு வியாதி மட்டுமில்லை. இங்கிலாந்துல ‘ப்ளடி’ங்கற வசவை மேரி மாதா பேர்ல வைக்கற சத்தியத்தோட திரிபுன்னு ஒரு பக்திக் கதை ரொம்ப காலமா சொல்லுதாங்க. அகராதிக்காரங்க ஒத்துக்கிடலை. அதே ஊருல ‘பக்கர்’னு இன்னொரு வசவு உண்டு, வெளக்கம் சொன்னா நல்லா இருக்காது. அதோட மூலம் பல்கேரியாக்காரன்! அங்க இருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவை ரோமத் திருச்சபைக்குப் பிடிக்கலை. அவனுங்களைப் பத்திக் கண்ட அசிங்கத்தையும் சொல்லி, அந்தப் பேரு பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போயி, 1533-ல சட்டப் புத்தகத்துலயே ஏறிட்டு. ஒரு நாட்டு ஜனங்க பேரு கெட்ட வார்த்தையான கதை.

நாஞ்சில் நாட்டுல எங்க தாத்தா காலத்துக் கெழடுங்க வாயில கேப்மாரி வந்து நான் கேட்டதில்லை. எங்களுக்கு சினிமாதான் அதைக் கொண்டு வந்து குடுத்துதுன்னு நினைக்கேன். எங்க சரக்கு வேற. சவம், மூதி, எரப்பாளி. மேக்க விளவங்கோடு பக்கம் போனா மலையாள வாடையோட தெண்டி, பட்டி. இதுல மட்டும் நாங்க யோக்கியமான்னு கேட்டா அதுவும் இல்லை. மூதின்னா மூதேவி. தவ்வைன்னு வள்ளுவர் சொல்லுதது அவளைத்தான். திருப்பரங்குன்றம் குடைவரையில அவளுக்கு சந்நிதியே உண்டு. கும்பிட்ட சாமியையே வசவா ஆக்கின ஆளுங்க நாம. கம்மனாட்டி இன்னும் மோசம். அது கைம்பெண்டாட்டி, புருஷனை இழந்தவ. எரப்பாளி பிச்சைக்காரன். திருப்பி அடிக்க முடியாதவங்களாப் பாத்துத்தான் நம்ம நாக்கு வசவு பொறுக்கியிருக்கு.

2019-ல எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கி ஜெய் நடிச்ச ஒரு படத்துக்கு ‘கேப்மாரி’ன்னே பேரு வச்சாங்க. இதுவே நம்ம ஊருல ஆள்பலமும் ஓட்டுபலமும் உள்ள ஏதாவது ஒரு சாதிப் பேரா இருந்திருந்தா, போஸ்டர் ஒட்டின அன்னைக்கே கிழிச்சிருப்பாங்க, கோர்ட்டுக்கும் போயிருப்பாங்க.

திட்டவே கூடாதுன்னு நான் சொல்லலை பாத்துக்கிடுங்க. கோவம் வந்தா எனக்கும் வாய் சும்மா இருக்காது. யாரு தலையிலயும் விழாத வசவு உங்க ஊருல எதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. நான் யோசிச்ச வரைக்கும் ‘புறம்போக்கு’தான் தேறுது. அது வெறும் நெலம், அதுக்கு ரோஷம் வராது.