நாலு எட்டு நடங்க!

ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால், சங்கரன்கோவில் கோவிலை ‘ஆடிச்சுற்று’ சுற்றிவர நமக்கு அலுப்பே தெரியாது. ஆனால், குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒருவர் வீட்டுக்கு வந்தால், “அசையாமப் படுத்துக்கிடங்க” என்கிறோம். பாசம்தான், உடம்புக்கு நல்லதல்ல.

பல ஆஸ்பத்திரிகளில் மறுநாளே எழுப்பி நடக்கவைக்கிறார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவும் அது உதவும். வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம், தினம் மூன்று நான்கு முறை, வாசலிலேயே நடக்கலாம். தெம்பு வர வர நேரத்தைக் கூட்டலாம். வயிற்றில் பை பொருத்தியவர்களும் நடக்கலாம்.

தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பேரப்பிள்ளை... சுமார் 6 வாரம் எதையும் தூக்க வேண்டாம். தையல் போட்ட இடம் பலவீனப்பட்டு ஹெர்னியா வரலாம். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம் நடத்திய ‘சேலஞ்ச்’ ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. 3 ஆண்டுகள் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் 90 சதவீதம் பேர் 8 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 83 சதவீதம். வாரத்தில் 3, 4 நாள் 45 நிமிட வேகநடையே இதற்குப் போதும். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தலைசுற்றல், மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: “நடங்க” என்று சொன்னால் மட்டும் போதாது, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புங்கள்.