பையில் வந்த பணமும் பத்திரத்தில் போன பணமும்

2024 ஏப்ரல் முதல் வாரம். தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிய தேர்தல் பறக்கும் படையினர், மூன்று பேரிடமிருந்து கட்டுக்கட்டாக நோட்டுகளைக் கைப்பற்றினார்கள். எண்ணி முடித்தபோது ஏறக்குறைய 4 கோடி ரூபாய். வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் வேறொரு கணக்கு வெளியே வந்திருந்தது. கட்சிகளுக்கு நன்கொடை தர நிறுவனங்கள் வாங்கிய தேர்தல் பத்திரங்களைப் பற்றி, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஸ்டேட் வங்கி ஒப்படைத்த கணக்கு அது. வேதாந்தா ஏறக்குறைய 400 கோடி. ஹால்டியா எனர்ஜி 377 கோடி. எரிவாயு, குடிநீர்க் குழாய், சாலை என்று பல தொழில் செய்யும் மேகா இன்ஜினியரிங் 966 கோடி. அதில் 105 கோடி தங்களுக்கு வந்ததாகத் தி.மு.க.வே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. இவ்வளவு பணத்துக்கும் ஒரு பைகூடத் தேவைப்படவில்லை.

ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் என்பது ஒற்றைத் தாள். வாங்கியவர் பெயர் அதில் கிடையாது. பெறும் கட்சியின் பெயரும் கிடையாது. புற ஊதா விளக்கில் பிடித்தால் மட்டும் ஒரு மறை எண் தெரியும். 15 நாளுக்குள் கட்சியின் கணக்கில் போட்டுவிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதற்கு வழிவிட்டது 2017 நிதிச் சட்டம். மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு நிறுவனம் கட்சிகளுக்குத் தரக் கூடாது, எந்தக் கட்சிக்குத் தந்தது என்று கணக்கில் எழுத வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் அப்போது நீக்கப்பட்டன.

நிறுவனம் நன்கொடை தருவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எரிசக்தி நிறுவனத்தின் பிழைப்பு தனி ரகம். தாம்பரம் சண்முகம் சாலையில் கடை போட்டிருப்பவர் வாடிக்கையாளரை நம்பி இருக்கிறார். எண்ணெய் எடுப்பவரும் மின்சாரம் விற்பவரும் அரசாங்கத்தின் கையெழுத்தை நம்பி இருக்கிறார்கள். எங்கே தோண்டலாம், யார் நிலத்தில் கம்பி இழுக்கலாம், யூனிட்டுக்கு என்ன விலை என்று எல்லாமே கோப்பில் முடிவாகிறது.

வேதாந்தா கதையையே பாருங்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனம் என்பதால் அந்தப் பெயரைத் தமிழருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் குழும நிறுவனங்களிடம் காங்கிரசும் பா.ஜ.க.வும் நன்கொடை வாங்கியது வெளிநாட்டு நிதிச் சட்டத்தை மீறிய செயல் என்று 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடந்தது என்ன? 2016-ல் சட்டத்தின் விளக்கத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். அது போதவில்லை என்று 2018-ல் 1976 வரை பின்னோக்கிக் கொண்டுபோனார்கள். மக்களவையில் விவாதமே இல்லாமல் அது நிறைவேறியது. எதிரும் புதிருமாக நிற்கும் இரு பெரிய கட்சிகளையும் ஒருசேரக் காப்பாற்றிய திருத்தம் அது.

2020 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்க மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது. காவிரிப் படுகை கொதித்தது. அன்றைய முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். அந்த விதி மாற்றத்துக்காக வேதாந்தாவின் கெய்ர்ன் நிறுவனம் அரசிடம் வலியுறுத்தி வந்ததை, ஓ.சி.சி.ஆர்.பி. என்ற சர்வதேசப் புலனாய்வுச் செய்தியாளர் அமைப்பு 2023-ல் எழுதியது. மூன்று ஆண்டு கழித்துத்தான், அதுவும் செய்தியாளர்கள் தோண்டித்தான், நமக்குத் தெரிய வந்தது.

சாதாரண நுகர்வோருக்கு என்ன வழி? 2022 ஆகஸ்டில் மின் கட்டண உயர்வு பற்றிச் சென்னை கலைவாணர் அரங்கத்தில் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டது. பல்லாவரத்துக்காரரோ வண்டலூர்க்காரரோ, யார் வேண்டுமானாலும் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு, ஊரறியப் பேசலாம். செப்டம்பரில் கட்டணம் உயர்ந்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் அவர் கேட்டது என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்காரர் அமைச்சரின் அறைக்குள் கேட்டது என்ன என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அமெரிக்காவில் 1995-ம் ஆண்டுச் சட்டப்படி, யாருக்காக, எந்த மசோதாவுக்காக, எவ்வளவு பணத்துக்கு ஆதரவு திரட்டினோம் என்று தரகு நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதித் தர வேண்டும். அங்கேயும் ஒஹையோவில் ஃபர்ஸ்ட் எனர்ஜி மின் நிறுவனம் அணு உலைகளுக்கு மானியம் பெற சுமார் 6 கோடி டாலரை மறைவாக இறைத்தது. ஆனால் சட்டமன்ற சபாநாயகராக இருந்தவருக்கு 2023-ல் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. நம்மிடம் அப்படியொரு பதிவேட்டுச் சட்டமே இல்லை. அதை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். அதுவரை எரிசக்தி நிறுவனங்கள் அரசுக்கு எழுதும் கோரிக்கைக் கடிதங்களைத் தாமாகவே வெளியிடட்டும்.

2024 பிப்ரவரி 15 தீர்ப்பால் பத்திரம் ஒழிந்தது. 7.5 சதவீத வரம்பும், கட்சியின் பெயரைக் கணக்கில் எழுதும் கடமையும் திரும்பி வந்தன. இப்போது பெருநிறுவனங்களின் பணம் பெருமளவு தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. அவை ஆண்டுதோறும் தரும் அறிக்கையில் பணம் கொடுத்தவர்கள் பட்டியல் இருக்கிறது, வாங்கிய கட்சிகள் பட்டியலும் இருக்கிறது. பணம் ஒரே உண்டியலில் கலந்துவிடுவதால், யாருடைய பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று இரண்டையும் சேர்த்துப் படித்தாலும் பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.