மலைக்கோயிலில் ஒரு தடவை திரும்பி நில்லுங்கள்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு டீயை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் பிரிட்டனில் உள்ள வேல்ஸிலிருந்து சில படங்கள் அனுப்பியிருந்தார். குடும்பத்தோடு கௌவர் தீபகற்பம் போயிருக்கிறார். பச்சைப் புல் மூடிய பாறை முனை ஒன்று கடலுக்குள் பாம்பு மாதிரி நீண்டு கிடக்கிறது. அதற்குப் பெயர் வொர்ம்ஸ் ஹெட். கடல் உள்வாங்கும் சில மணி நேரம் மட்டும்தான் அங்கே நடந்து போய்த் திரும்ப முடியும். தண்ணீர் ஏறிவிட்டால் அது தீவு. படங்கள் அத்தனையும் அழகு. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "நம்ம ஊர்ப் பக்கம் இப்படிப் பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே சார்!"

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவருக்குச் சமூக அறிவியல் எடுத்தவன் நான். நம் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் நினைத்தால் அந்தக் குறை அவருடையது இல்லை, என்னுடையது.

ஒப்புக்கொள்கிறேன். பாலக்காட்டுக் கணவாயை எத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளி, அதன் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிறது, குறித்துக்கொள்ளுங்கள், ஐந்து மதிப்பெண். ஒரு வருடமாவது உங்களை ஒரு மேட்டில் ஏற்றி, "இதோ இந்தக் காற்றுதான் அது" என்று காட்டினேனா? இல்லை. சுற்றுலா என்றால் ராத்திரி பஸ் ஏறிக் கன்னியாகுமரி. பாதிப் பேர் வழியெல்லாம் வாந்தி. ஒரு தடவை விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பிக் கடற்கரையில் நிற்க வைத்தோம். மேகம் மூடிச் சூரியனே தெரியவில்லை. "சார், இந்தச் சூரியன் நம்ம ஊர்லயே வருமே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அவன் சொன்னது சரிதான் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான்கு வருடம் முன்பு ஓர் ஆடி மாதம் ஊதியூர் மலைக்குப் போனேன். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கிறதே, பொன்னூதி மலை என்றும் சொல்வோம், கொங்கணச் சித்தர் இருந்ததாகச் சொல்லும் மலை. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, மூச்சு வாங்கியதால் கொஞ்ச நேரம் நின்றேன். அதுவரை எத்தனையோ மலைக்கோயில் ஏறியிருக்கிறேன். முகம் எப்போதும் சந்நிதியைப் பார்த்தே இருந்தது. முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. என் வேட்டியைப் பிடுங்கிய காற்றும் அவற்றைச் சுற்றிய காற்றும் ஒன்றுதான். அங்கிருந்து கணவாய் தெரியாது, ஆனால் கணவாய் செய்யும் வேலை தெரிந்தது. நம் பகுதி மில்காரர்கள் பலர் சொந்தமாகக் காற்றாலை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நம் பனியன் துணியில் அந்தக் கணவாய்க்கும் பங்கு உண்டு. ஐந்து மதிப்பெண் பாடம் ஐந்து நிமிடத்தில் புரிந்தது, வாத்தியாருக்கே.

கீழே இன்னொன்றும் தெரிந்தது. கிளுவை வேலி போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்த கொரங்காடுகள். மழை குறைந்த சீமையில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வைத்து மாடு வளர்க்க நம் முன்னோர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. காங்கயம் காளை உருவான இடம். உயிர்வேலி ஒன்று வளர்ந்து கட்ட எத்தனையோ வருடம் ஆகும். அதைப் பிடுங்கி எறிந்து சைட் போட ஒரு ஜேசிபியும் ஒரு மதியமும் போதும். கீழே சாலையில் போகும்போது அது வெறும் பொட்டல் காடாகத் தெரிகிறது. மேலே நின்று பார்த்தால்தான் அது என்னவென்று புரிகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் பார்க்காத இடத்தைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். உதாரணத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம், நொய்யலே போதும்.

வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கிற ஆறு. என் வகுப்பில் "நொய்யல் தெரியுமா?" என்று கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். "சாயத்தண்ணி ஆறா சார்?" என்று ஒருவன் கேட்ட பிறகுதான் எல்லோர் கையும் உயரும். பாலத்தில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டோம், முகத்தையும் திருப்பிக்கொண்டோம். அதற்குள் தண்ணீர் கீழே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. அன்று வேலை இழந்தவர்களில் என் மாணவர்களும் உண்டு, முதல் இழந்தவர்களிலும் உண்டு. யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த ஆற்றங்கரையில் நாம் ஞாயிறு தோறும் குழந்தைகளோடு நடந்திருந்தால், நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்திருப்போமா என்று மட்டும் கேட்கிறேன்.

அந்த அணைக்குப் பக்கத்திலேயே, நொய்யலின் வடகரையில்தான் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கியிருக்கிறார்கள், மணிகள் செய்திருக்கிறார்கள், பானை ஓட்டில் தமிழியில் பெயர் எழுதியிருக்கிறார்கள். நூல் நூற்கும் தக்களி வட்டுகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. நம் தொழிலுக்கு மூத்த சாட்சி அந்தக் கரையில் கிடக்கிறது. அதே கரைக்கு நாம் அனுப்பியது கழிவை.

சரி, பார்த்ததால் பிழைத்த இடம் ஏதாவது உண்டா? உண்டு. ஊத்துக்குளி ரோட்டில், சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம், ஏறக்குறைய 310 ஏக்கர். நம்மில் பாதிப் பேர் பைக்கில் தாண்டிப் போயிருப்போம். நம் ஊர்ப் பறவை ஆர்வலர்கள் சிலர் மட்டும் வருடக்கணக்காக அதிகாலையில் போய் நின்று, பறவைகளை எண்ணி, எழுதி வைத்தார்கள். இமயத்தைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்து இங்கே வருகிறது என்று அவர்கள் சொன்னபோது பலர் சிரித்திருப்பார்கள். 2022இல் அது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. கையில் பைனாகுலரும் நோட்டும் வைத்திருந்தவர்கள் செய்த வேலை அது.

வேல்ஸ் படங்களுக்கு வருகிறேன். அந்த ஊரும் ஆரம்பத்திலிருந்தே அஞ்சலட்டை மாதிரி சுத்தமாக இருந்ததில்லை. தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சீமை. கார்டிஃப் நகரம் வழியே ஓடும் டாஃப் ஆறு, கரியைக் கழுவிய தண்ணீரால் கறுப்பாக ஓடியது. இன்று அதில் சால்மன் மீன் ஏறுகிறது. 2012 மே மாதம் நாட்டின் கடற்கரை முழுக்க நடந்து போக ஒரே பாதையைத் திறந்தார்கள், சுமார் 1,400 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர் என்று உங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேனே, அதைவிட நீளம்! கடலும் பாறையும் அவர்களுக்கு இயற்கை கொடுத்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நடந்து போய்ப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு அவர்களே செய்துகொண்டது. நாம் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியது இரண்டாவதைத்தான்.

இதை எழுதும்போதே உங்கள் பதில்கள் என் காதில் விழுகின்றன. "வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு ஞாயிறு ஒருநாள்தான் சார் தூக்கம்." நியாயம். அதனால்தான் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். சிவன்மலை, அலகுமலை, கதித்தமலை எதற்கும் அரை நாள் போதும். சென்னிமலை 1,320 படி ஏறமுடியாதவர்களுக்கு வண்டிப் பாதை இருக்கிறது. திருமூர்த்தி மலைக்கும் அமராவதி அணைக்கும் காலையில் போனால் சாயங்காலம் வீடு. "ஆள் போனால் குப்பை சேரும் சார்" என்பது அடுத்த பதில். இதுவும் உண்மை. பாட்டிலை உடைத்துப் போட்டு வருகிறவன் போகாமல் இருப்பதே நல்லது. ஆனால் அவன் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு நாம் போகாததால்தான் அந்த இடம் அவனுக்கு வசதியாக இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: கன்னியாகுமரி போகட்டும், தப்பில்லை. அதற்கு முன்னால் வருடத்தில் ஒருநாள் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓர் இடம். நொய்யலும் கொடுமணலும் ஒரே நாளில் முடியும். நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு: வருடா வருடம் தொழிலாளர்களுக்கு டூர் போடுகிறீர்கள், நல்ல விஷயம். தென்மாவட்டத்திலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து பத்து வருடம் நம் ஊரில் இருப்பவருக்குக் கம்பெனி, ரூம், மளிகைக் கடை தவிர வேறு என்ன காட்டியிருக்கிறோம்? ஒரு ஞாயிறு காலை நஞ்சராயன் குளத்துக்கு ஒரு வேன் விடுங்கள். நொய்யல் கரையில் நடைபாதை வேண்டும் என்று நாங்கள் மனு எழுதினால், உங்கள் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

சொந்தங்களுக்கு: கிருத்திகைக்கும் அமாவாசைக்கும் எப்படியும் மலை ஏறத்தான் போகிறீர்கள். சாமி கும்பிட்டதும் செருப்பைத் தேடி ஓடாமல், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் திரும்பி நில்லுங்கள். நம் ஊர் எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். தெரியாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். ஊதியூரில் கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் மட்டும் போக வேண்டாம். திருமூர்த்தி மலை அருவியில் தண்ணீர் ஏறும்போது குளிக்க வேண்டாம் என்றால் கேளுங்கள்.

வேல்ஸ் மாணவருக்கு இன்னும் பதில் போடவில்லை. பொங்கலுக்கு வருகிறாராம். மழை விட்டு வானம் தெளிவாக இருக்கும் காலம், குளத்தில் பறவைகளும் இருக்கும். காலை ஆறு மணிக்கு நஞ்சராயன் குளக்கரையில் நிற்கச் சொல்லப் போகிறேன். வர நினைப்பவர்கள் கீழே பெயர் போடுங்கள். டீ என் செலவு. பிளாஸ்டிக் கப் கிடையாது, டம்ளர் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் வாத்தியார்